காசிக்குப் போன கணக்கு நோட்டு

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நூலகர் அய்யா என்னைக் கூப்பிட்டபோது, "செலவே இல்லாமல் ஊர் சுற்றுவது எப்படின்னு பேசுங்க, டீச்சர்" என்றார். செலவே இல்லாமல் முடியாது, குறைந்த செலவில் முடியும், அதைப் பற்றியானால் பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். முப்பது வருஷமாகக் கோடை விடுமுறை தவறாமல் ரயிலேறுகிறவள் நான். ஆசிரியை சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளையும் வயதான மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனவள். அந்த அனுபவம்தான் எனக்கு இங்கே நிற்கத் தகுதி.

மேசைமேல் நான் கொண்டுவந்து வைத்திருக்கும் நோட்டு என் அப்பாவுடையது. அப்பா கும்பகோணத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1987இல் பாட்டி, அப்பா, அம்மா, நான், தம்பி என்று ஐந்து பேர் காசிக்குப் போனோம். அதற்காக நான்கு வருஷம் மாதாமாதம் ஒரு தொகையை அஞ்சலகத்தில் போட்டுவந்தார். கிளம்புவதற்கு முன்னாலேயே இந்த நோட்டில் ஆறு பத்தி கோடு போட்டார். ரயில், கூலி, தங்கல், சாப்பாடு, இதர. ஆறாவது பத்திக்குத் தலைப்பு 'தர்மம்'. இந்த ஆறாவது பத்தி எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பயணத்தில் பணத்தைத் தின்பது தூரம் என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் தூரத்தைவிட அவசரம்தான் அதிகம் தின்னும். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஆம்னி பஸ்ஸுக்கு அலைகிறவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் போகிற ஊர் அதே ஊர், தூரம் அதே தூரம். டிக்கெட் விலைதான் வேறு.

நம் ரயில்வேயில் சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் ஸ்லீப்பர் கட்டணம் நாளைக்கு நாள் மாறுவதில்லை. இரண்டு மாதம் முன்னால் எடுத்தாலும் இரண்டு நாள் முன்னால் எடுத்தாலும் அதே கட்டணம். ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகள் வேறு வகை. 2016 செப்டம்பரிலிருந்து அவற்றில் இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும். ஆகவே சாதாரண வண்டியில் முன்பதிவு செய்வதால் டிக்கெட் விலை குறைந்துவிடாது. ஆனால் இடம் கிடைக்காமல் போனால் வரிசையாக வரும் செலவுகள் நின்றுவிடும். தட்கல் கூடுதல் கட்டணம், அதுவும் கிடைக்காவிட்டால் ஏ.சி. பெட்டி, அதுவும் இல்லையென்றால் பஸ், கடைசியில் வாடகைக் கார். முன்பு 120 நாள் முன்னதாகப் பதிவு செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. கிளம்பும் தேதி முடிவானதும் அறுபதாம் நாளை எண்ணிக் காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். தட்கல் என்பது ஆபத்துக்கு வைத்திருக்கும் கதவு. முந்தின நாள் காலை ஏ.சி.க்குப் பத்து மணிக்கும் மற்றவற்றுக்குப் பதினொரு மணிக்கும் திறக்கும். அதை நம்பி ஊர்வலம் போகக் கூடாது.

அடுத்து நான் சொல்லப்போவது நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று. ரயில் கட்டணம் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே வரும். இரண்டு துண்டாக எடுக்கும் டிக்கெட்டைவிட ஒரே நீள டிக்கெட் மலிவு. அதை வைத்துத்தான் சுற்றுப் பயணச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. கும்பகோணத்தில் கிளம்பி சென்னை, புவனேசுவரம், கொல்கத்தா, காசி, பிரயாகை, டெல்லி, நாக்பூர் என்று சுற்றி மறுபடி கும்பகோணத்துக்கே வந்து சேருகிறீர்கள் என்று வையுங்கள். கிளம்பிய ஊரும் முடியும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும். வழியில் எட்டு இடம் வரை இறங்கலாம். மொத்தத் தூரத்தையும் இரண்டாகப் பிரித்து, இரண்டு நீண்ட ஒருவழிப் பயணமாகக் கணக்கிட்டுக் கட்டணம் போடுவார்கள். ஏழெட்டு டிக்கெட் தனித்தனியாக எடுப்பதைவிட நல்ல வித்தியாசம் தெரியும். இதைக் கைபேசியில் தட்டி வாங்க முடியாது. போகும் வழியை ஒரு தாளில் எழுதிக் கோட்ட வணிக அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு ஸ்டேஷனில் சீட்டு வாங்கி, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகப் படுக்கை பதிவு செய்ய வேண்டும். நான் முதல் தடவை போனபோது மூன்று நாள் அலைந்தேன். அந்த மூன்று நாளும் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்த அந்தத் தாளிலேயே பாதிப் பயணத்தைத் திட்டமிட்டு முடித்திருந்தேன்.

சுற்றாமல் நேராகப் போகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒரே டிக்கெட்டில் வழியில் ஓர் ஊரில் இறங்கி இரண்டு நாள் இருந்துவிட்டுத் தொடரலாம். 1000 கிலோமீட்டருக்கு மேல் என்றால் இரண்டு ஊர். முதல் 500 கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் முதல் இறக்கம். ராஜதானி, சதாப்தி மாதிரி வண்டிகளில் இது செல்லாது. இறங்கிய ஸ்டேஷனில் டிக்கெட்டில் குறிப்புப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டெல்லி போகிறவர் ஒரு தடவையாவது வழியில் இறங்கிச் சாஞ்சி ஸ்தூபியைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரவு வண்டியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். இரவில் பயணம், பகலில் ஊர், லாட்ஜ் வாடகை மிச்சம். உண்மைதான். காலையில் இறங்கி, காத்திருப்பு அறையில் முகம் கழுவி, பூட்டுப் போட்ட பெட்டிகளை கிளோக் ரூமில் ஒப்படைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு ஊருக்குள் போகலாம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். மூன்றாம் நாள் குழந்தை அழும், பெரியவர்களுக்குக் கால் வீங்கும், நமக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். தாஜ்மகால் முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு குளியலும் நான்கு மணி நேரத் தூக்கமும்தான். பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறைகளும் டார்மிட்டரிகளும் இருக்கின்றன. உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இருந்தால் அந்த பி.என்.ஆர். எண்ணை வைத்தே பதிவு செய்யலாம். வெளியே லாட்ஜ் தேடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

ஸ்லீப்பர் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பெட்டி நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. கோகலேயின் யோசனைப்படி நாட்டைப் பார்க்கக் கிளம்பிய காந்தி மூன்றாம் வகுப்பில்தான் போனார். 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பயணத்தை விவரமாக எழுதியிருக்கிறார். டிக்கெட் 13 ரூபாய் 9 அணா. 22 பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்த பெட்டியில் அதற்கு மேல் ஆட்கள். படுக்க இடமில்லை, கழிப்பறைக்குப் போக வழியில்லை. காசு குறைவாகக் கொடுக்கிறவனுக்கு மரியாதையும் குறைவாகத்தான் கிடைக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே போயிற்று. அதன் பிறகும் படுக்கை வெறும் மரப்பலகைதான். 1977இல் ரயில்வே அமைச்சராக வந்த மது தண்டவதே அந்தப் பலகைமேல் இரண்டு அங்குல மெத்தை போட வைத்தார். இரண்டு அங்குலம்! 1987இல் என் பாட்டி அந்த மெத்தையில் படுத்துத்தான் காசிக்குப் போனாள். பெரிய அணை, பெரிய பாலம் கட்டியவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த இரண்டு அங்குலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். கிடைத்ததில் ஒன்று பறிபோயும் இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்தது. ஒரு முதியவள் வாழ்நாளில் ஒரு தடவை காசி பார்ப்பதற்கும் பார்க்காமல் போவதற்கும் நடுவில் நின்ற சலுகை அது. திரும்ப வர வேண்டும். நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி சாப்பாடு. நோட்டின் சாப்பாட்டுப் பத்தியைப் பார்த்தால் முதல் இரண்டு நாளும் காலி. ஒரு பைசா இல்லை. காரணம் அம்மா.

கட்டுச்சோறு கட்டுவது ஒரு கணக்கு. எது முதலில் கெடுமோ அதை முதலில் சாப்பிட வேண்டும். முதல் நாள் காலைக்கு இட்லி. மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, அனலில் வாட்டிய வாழை இலையில் மடிப்பாள். இலையை வாட்டாவிட்டால் மடிக்கும்போது கிழியும். மதியத்துக்குத் தயிர்சாதம். இதில்தான் சூட்சுமம். தயிரை ஊற்றிப் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துப் பொங்கிவிடும். அம்மா சாதத்தைக் குழைய வடித்து, ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் விடுவாள். வண்டி ஓட ஓட அது தூக்கில் தானாக உறையும். மதியம் திறந்தால் அப்போதுதான் தோய்ந்த தயிர் மாதிரி இருக்கும். இரவுக்கும் மறுநாள் காலைக்கும் புளியோதரை. புளியும் நல்லெண்ணெயும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் சேர்ந்தால் அது இரண்டு நாள் தாங்கும். சாதம் நன்றாக ஆறிய பிறகுதான் கிளற வேண்டும், மூடியில் வேர்வை கோத்தால் கெட்டுவிடும். தேங்காய் அந்தப் பக்கமே வரக் கூடாது. இரண்டாம் நாள் மதியத்துக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். அதற்கும் மேல் அவல், வெல்லம், பொட்டுக்கடலை. எதிர்ப் படுக்கைக்காரர்களுக்கும் ஒரு பங்கு சேர்த்தே கட்டுவாள். அந்தப் பங்கு வீணானதே இல்லை. இடார்சி தாண்டும்போது ஒரு மராட்டிய அம்மாள் பதிலுக்கு எங்களுக்குக் கொடுத்த வேர்க்கடலைச் சட்னியின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

இப்போது வீட்டில் அவ்வளவு கட்ட ஆளில்லை, நேரமில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஒரு வேளைக்காவது கட்டுங்கள். முதல் வேளைச் சாப்பாடும் கொஞ்சம் தொக்கும் கையில் இருந்தால் வண்டிக்குள் வரும் விலையுயர்ந்த பிரியாணிப் பொட்டலத்துக்கு நாம் அடிமையில்லை. பொதுப் பெட்டிகள் நிற்கும் இடத்தில் பல ஸ்டேஷன்களில் 20 ரூபாய்க்கு ஏழு பூரியும் உருளைக்கிழங்கும் ஊறுகாயும் விற்கிறார்கள். 2023இலிருந்து பார்க்கிறேன். நிறையப் பேர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். ஊருக்குள் போனால் அந்த ஊர்க்காரர்கள் காலையில் எதைத் தின்கிறார்களோ அதைத் தின்னுங்கள். காசியில் கச்சோரி, கொல்கத்தாவில் லூச்சி, இந்தூரில் போஹா. அங்கே போய் இட்லி தேடினால் இட்லியும் நன்றாயிருக்காது, விலையும் இரண்டு மடங்கு. ஒன்றை மட்டும் கண்டித்துச் சொல்கிறேன். வண்டியில் கைபேசிக்காக வைத்திருக்கும் பிளக்கில் மின்சாரக் கெட்டிலைச் சொருகாதீர்கள். டீக்காசு மிச்சம் பிடிக்கப் போய்ப் பெட்டியில் தீப் பிடிக்கும்.

தங்கல் பத்திக்கு வருகிறேன். என் சொந்த அவமானம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். கல்யாணமான புதிதில் வடக்கே ஒரு கோயில் ஊருக்கு மாமியாரோடு போனேன். வண்டி தாமதமாகி இரவு பதினொன்றரைக்கு இறங்கினோம். தங்க இடம் பார்த்து வைக்கவில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். ஆட்டோக்காரர் ஒரு லாட்ஜுக்குக் கூட்டிப் போனார். அறையைத் திறந்தால் ஜன்னலே இல்லை. சொன்ன வாடகை மறுநாள் காலை பக்கத்து லாட்ஜில் விசாரித்ததைவிட மூன்று மடங்கு. மாமியார் கட்டிலில் உட்காரக்கூட மாட்டேன் என்று விடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். அன்று நான் இழந்தது அந்த ஓர் இரவின் வாடகைதான். ஆனால் மீதிப் பயணம் முழுக்க யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். மற்ற இரவுகளுக்கு எப்படியோ, இறங்குகிற முதல் இரவுக்கு இடம் உறுதியாக இருக்க வேண்டும். ஏமாறுகிற பணத்தில் பெரும் பங்கு புது ஊரில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில்தான் போகிறது. களைப்பு, இருட்டு, கையில் சுமை, பாஷை தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் முன்கூட்டியே கட்டிப் போட்டுவிட்டால் போதும்.

கையில் காசில்லாதவன் எங்கே படுப்பான் என்று இந்த நாடு பல நூற்றாண்டுகளாகக் கவலைப்பட்டிருக்கிறது. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டாள், சாலையோரம் மரம் நட்டாள், சத்திரம் கட்டினாள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் அவள் பேரில் இன்னும் சத்திரம் இருக்கிறது. நம் தஞ்சாவூர்ப் பக்கம் ராமேஸ்வரம் போகும் வழி நெடுக மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு இந்தச் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். சாதி பார்க்காமல் சோறு போடுவதையும், வழியில் நோய் கண்டவர்களுக்கு அங்கேயே வைத்தியம் பார்ப்பதையும், பிரசவமான பெண்களைக் கவனித்துக்கொள்வதையும் அதில் சொல்லியிருக்கிறார். சத்திரங்களின் வருமானத்தில் கை வைக்காதீர்கள் என்பது அவருடைய மன்றாட்டு. நாட்டை இழந்துகொண்டிருந்த ஒரு ராஜா வழிப்போக்கனின் சோற்றுக்காக மன்றாடியிருக்கிறார். ஒரத்தநாடு பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும்.

காசியிலும் நமக்கு வீடு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் கேதார் காட்டில் மடம் அமைத்தார். கோதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. அங்கிருந்து நாள்தோறும் விசுவநாதர் கோயில் பூஜைக்குச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு "சம்போ" என்று குரல் கொடுத்துக்கொண்டு சந்துகளில் போவார்கள். இளவயதில் பாரதி தன் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது ஹனுமான் காட்டில். அந்தப் பகுதியில் தமிழ் பேசி வழி கேட்கலாம். நாங்கள் ஐந்து பேரும் கேதார் காட் பக்கம் ஒரு மடத்தில்தான் ஆறு நாள் தங்கினோம். ஒரே பெரிய கூடம், பாய், வாளியில் தண்ணீர். விடிகாலையில் படி இறங்கினால் கங்கை. இப்போதும் பெரிய க்ஷேத்திரங்களில் மடங்களும் தர்மசாலைகளும் சமூகச் சத்திரங்களும் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் எழுதியோ தொலைபேசியில் கேட்டோ உறுதி செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டை கேட்பார்கள், இரவு கதவு மூடும் நேரம் உண்டு, வெங்காயம் பூண்டு கூடாது என்பார்கள். அவர்கள் வீடு, அவர்கள் ஒழுங்கு.

அமிர்தசரஸ் பொற்கோயிலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. அங்கே யாத்ரிகர்கள் தங்க சராய்கள் இருக்கின்றன. லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் இரவும் பகலும் சோறு, யார் வந்தாலும், எந்த மதமானாலும். தலையை மூடிக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். நானும் என் மகளும் முதல் வேளை சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். அங்கே ஓர் அம்மாள், நல்ல பட்டு சல்வார், கையில் தங்க வளையல், தொட்டியில் எச்சில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கழுவியவர் ரிக்ஷா ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். இருவரும் புடவையையும் துப்பட்டாவையும் இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கினோம். ஒன்றரை மணி நேரம் கழுவினோம். அங்கே இருந்த மூன்று நாளும் அப்படித்தான் சாப்பிட்டோம். இலவசம் என்ற சொல்லை அதன் பிறகு நான் லங்கருக்குப் பயன்படுத்துவதில்லை.

ஊருக்குள் சுற்றுவதற்கு ஒரே யோசனைதான் சொல்வேன். அந்த ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் வண்டியில் ஏறுங்கள். ஆலப்புழையில் படகு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அதே ஆலப்புழைப் படகுத்துறையிலிருந்து கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு கோட்டயத்துக்குப் போகிறது. சில பத்து ரூபாய்தான், இரண்டரை மணி நேரம். அதே வேம்பநாட்டு ஏரி, அதே தென்னை, அதே நீர்க்காகம். கூட ஆட்கள் இருப்பார்கள், அதுதான் வித்தியாசம். நாங்கள் போனபோது பள்ளிச் சீருடையில் மூன்று பிள்ளைகள், கூடையோடு ஒரு மீன்காரம்மாள், மடியில் கோழியை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். தண்ணீர் மட்டத்துக்கும் கீழே வயல் இருப்பதை அந்தப் பெரியவர்தான் கை நீட்டிக் காட்டினார். படகு மேலே போக நெல் கீழே இருப்பதை அவர் சொல்லாவிட்டால் கவனித்திருக்கவே மாட்டேன். கோட்டயம் நெருங்கும்போது வாய்க்காலின் குறுக்கே சின்னச் சின்ன மரப்பாலங்கள். படகு வந்தால் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாலத்தைத் தூக்குகிறார்கள். படகு போனதும் இறக்கிவிடுகிறார்கள். சைக்கிளோடு காத்திருந்த ஆள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

கொல்கத்தாவிலும் அப்படித்தான். ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியதும் டாக்சி வரிசையில் போய் நிற்காதீர்கள். வெளியே வந்தால் படகுத்துறை. சில ரூபாய்க்கு ஹூக்ளியைக் கடக்கலாம். 1943இல் திறந்த ஹவுரா பாலத்தைக் கீழிருந்து முழுதாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பெண்களுக்கு ஒன்று. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் நமக்குக் கட்டணம் இல்லை. வெளிமாநிலத்துக்குப் போக வசதியில்லாத வருஷங்களில் நானும் என் தோழியும் ஒவ்வொரு ஊராக அந்தப் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பியிருக்கிறோம். அதுவும் பயணம்தான்.

எங்கே குறைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். டிக்கெட் இல்லாமல் ஏறுவது சிக்கனமில்லை, களவு. பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது பயணக் காப்பீடு வேண்டுமா என்று கேட்கும். ஒரு ரூபாய்க்கும் குறைவு. வேண்டாம் என்று தட்டாதீர்கள். மருந்து, கைக்குழந்தைக்குப் பால், வயதானவருக்குக் கீழ்ப் படுக்கை, இவற்றில் கணக்குப் பார்க்காதீர்கள். தனியாகப் போகிற பெண்களுக்கு நான் சொல்வது, இரவு பத்துக்கு மேல் புது ஊரில் இறங்கும் வண்டி மலிவாக இருந்தாலும் வேண்டாம். பகல் வண்டிக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுங்கள்.

பேரம் விஷயத்திலும் ஒன்று சொல்கிறேன். நாற்பதாயிரம் ரூபாய்க் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் நாற்பது கிலோ சுமக்கும் போர்ட்டரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. குறைந்த செலவில் பயணம் செய்வது பணமில்லாதவர்களின் உரிமை. அந்தப் பயணத்தின் பாரத்தை நம்மைவிடப் பணமில்லாதவர் தலையில் ஏற்றக் கூடாது. கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், பேசியதைக் கொடுங்கள், முடிந்தால் ஐந்தோ பத்தோ சேர்த்துக் கொடுங்கள்.

இப்போது ஆறாவது பத்தி. அப்பா கிளம்புவதற்கு முன்னால் மற்ற எல்லாப் பத்திக்கும் ஒரு தொகை எழுதி, பிறகு அடித்து, குறைத்து, மறுபடி எழுதியிருக்கிறார். ரயிலில்கூடத் திருத்தம் இருக்கிறது. தர்மம் என்ற பத்தியில் மட்டும் அடித்தல் இல்லை. முதலில் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. மடத்துக்கு, படகோட்டியின் பையனுக்கு, மொகல்சராயில் கால் இல்லாத ஒருவருக்கு என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார். சோற்றைக் கட்டிக்கொண்டு போய், கூடத்தில் பாயில் படுத்து, எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்குப் பாட்டியை நடத்தியே கூட்டிப்போன மனிதர் அவர். பல வருஷம் அவரைக் கஞ்சர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு நோட்டைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். தங்கலுக்கு ஆன செலவைவிடத் தர்மத்துக்கு ஆனது அதிகம்.

கடைசிப் பக்கத்தை வாசித்துவிடுகிறேன். அப்பாவின் எழுத்து சின்னது, கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். "கங்கைச் சொம்பு அடைக்க ஈயம், 4.00. போஸ்ட் கார்டு 5, 0.75. சென்ட்ரல் கூலி, 3.00. பாட்டிக்குச் சோடா, 1.00." அதன் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே, "மீதி 38.25." பக்கத்தில் ஒரே ஒரு சொல், ஒரு கேள்விக்குறி: "ராமேஸ்வரம்?"

காசியிலிருந்து கொண்டுவந்த கங்கையை ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடியும் என்பது பாட்டியின் கணக்கு. அந்த 38 ரூபாய் 25 காசை அப்பா தனியாக ஒரு கவரில் போட்டு அலமாரியில் வைத்தார். மறுவருஷம் சித்திரையில் அதோடு இன்னும் சேர்த்து ஐந்து பேரும் போனோம். அந்தக் கணக்கு அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது. நோட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், வேண்டியவர்கள் பாருங்கள். தாள் நொறுங்குகிறது, மெதுவாகப் புரட்டுங்கள்.